கெரிங்சிங்கா, எண்டெக்கா?

பாலியில் கைத்தறித் துணி தேடினால் இந்த இரண்டு பெயர்களும் காதில் விழும். இரண்டிலுமே நூலைக் கட்டிச் சாயம் ஏற்றி, அப்புறம்தான் நெய்கிறார்கள். எண்டெக்கில் குறுக்கே ஓடும் ஊடை நூலுக்கு மட்டும் கட்டு. அதனால் வேலை சீக்கிரம் முடியும், விலையும் கைக்கு அடங்கும். செவ்வாய்க்கிழமைகளில் இதை உடுத்தச் சொல்லி 2021-இல் பாலி ஆளுநர் சுற்றறிக்கையே விட்டார். சட்டை தைக்க இதுதான் சரி.

கெரிங்சிங் வேறு ரகம். தெங்கனான் கிராமத்தில் நெடுக்கே ஓடும் பாவு நூல், ஊடை நூல் இரண்டையும் தனித்தனியே கட்டிச் சாயமிடுகிறார்கள். நூல் முதலில் கெமிரிக் கொட்டை எண்ணெயில் ஊறும். அவுரி நீலம் ஏற்றுவது பக்கத்து ஊரான புக்புக்கில். நுணா வேர்ச் சிவப்பு திரும்பத் திரும்ப முக்கினால்தான் ஆழமாகப் பிடிக்கும். இடுப்பில் கட்டிய தறியில் பெண்கள் நூல் நூலாக நகர்த்தி, பாவு, ஊடை இரண்டின் கோலத்தையும் பொருத்துவதைப் பார்த்தால் விலையைப் பற்றிப் பேரம் பேச மனம் வராது. ஒரு துணி முடிய வருடக்கணக்கில் ஆகலாம். நோயை அண்டவிடாது என்று நம்பிச் சடங்குகளில் உடுத்துகிறார்கள்.

கையில் பணம் இருந்தால் என் ஓட்டு கெரிங்சிங்குக்கே. தெங்கனானிலேயே நெய்தவரிடம் வாங்குங்கள். வெட்டித் தைக்க மட்டும் வேண்டாம்.