டிரான்ஸ்பார்மர் மேல மார்க்கர்ல 5 ஆம்ப்னு எழுதிருந்தா நம்பி வாங்கிராதீங்க மக்கா

கடைப் பேரு சொல்ல மாட்டேன், கேட்டு யாரும் இன்பாக்ஸ் பக்கம் வர வேண்டாம், பில்லு இல்லாம வாங்குனது என் தப்பு. தென்காசி பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கட, அம்புட்டுதான்.

மாமா புளியரைல டீக்கட வச்சுருக்காரு. கார்த்திகை பொறந்துட்டா ஆரியங்காவு, அச்சன்கோவில், சபரிமலைன்னு போற சாமிமாரு வண்டிதான் ராத்திரி பூரா. "ஏல மருமவனே, ஒரு பாட்டு செட்டு பண்ணிக் குடு, வண்டிய நிப்பாட்டுவாங்க"ன்னாரு. சரின்னு டிடிஏ 2030ங்கிற ஆம்ப்ளிபயர் ஐசி நாலு போட்ட 2.1 போர்டு (ரெண்டு ஸ்பீக்கரும் ஒரு பேஸ் ஸ்பீக்கரும் ஓட்டுறது) ஒண்ணு எடுத்தேன், அதுக்கு 12-0-12ல, அதாவது நடு வயருக்கு ரெண்டு பக்கமும் 12 வோல்ட் குடுக்குறதுல, 5 ஆம்ப் டிரான்ஸ்பார்மர் கேட்டேன். அண்ணாச்சி எடுத்து வச்சாரு, மஞ்ச டேப் சுத்தி மேல பச்ச மார்க்கர்ல 5Aங்கிறத தமிழ்லயே "5 ஆம்ப்"னு எழுதிருந்துச்சு. நான் சந்தேகமா பாத்ததும் மீட்டர வச்சு காட்டுனாரு, 14 வோல்ட்டுக்கு மேல நின்னுச்சு. "பாத்தியா தம்பி, பவர் எப்படி நிக்கின்னு, சுத்த காப்பரு"ன்னாரு. 900 ரூவா குடுத்துட்டு வந்தேன். அந்த மீட்டர்லதான் நான் ஏமாந்தேன், அத பொறவு சொல்லுதேன்.

மொத நாளு சாயங்காலம் வால்யூம் கொஞ்சம் கூட்டுனதும் உர்ர்ருன்னு ஹம், சரணம் சொல்லுத இடத்துல எல்லாம் பாட்டு அமுங்குது, அரமணி நேரத்துல வார்னிஷ் கருகுன வாட, டிரான்ஸ்பார்மர் மேல கை வைக்க முடியல. பியூஸ் போகல, ஏன்னா நான் கையில கெடந்த 3 ஆம்ப் பியூஸ போட்டுருந்தேன், 120 விஏவுக்கு (வோல்ட்ட ஆம்பால பெருக்குனா வர்றதுதான் விஏ) 1 ஆம்பே தாராளம், அதுவும் என் தப்புதான். சத்தத்த கொறச்சு ஓடட்டும்னு விட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். நடுராத்திரி ரெண்டு ஐசி டப்புன்னு போயிட்டுன்னு மாமா போன் பண்ணுதாரு.

மறுநாளு கடைக்குப் போனா, "ஒம் போர்டுதான் ஷார்ட்டு, எலெக்ட்ரிக்கல் சாமான் ரிட்டன் கெடையாது"ன்னு முகத்தக் கூட பாக்கல. பக்கத்துல நின்ன ஆளுட்ட ஏதோ சொல்லி சிரிக்காரு வேற.

நானும் விடல. மாமா ஜீப்புல இருந்து 55 வாட் ஹெட்லைட் பல்பக் கழத்தி ஒரு பக்கத்து 12ல மாட்டுனேன், அது ஒழுங்கா எரிஞ்சா நாலரை ஆம்ப் இழுக்கும், நம்மாளு 14ல இருந்து 9க்கு விழுந்துட்டாரு. பொறவு டிரான்ஸ்பார்மர காய்கறி தராசுல வச்சா 800 கிராம் சொச்சம்.

புனலூர்ல மோட்டார் வைண்டிங் பண்ணுத சேட்டன் ஒருத்தரு தெரியும், ரயில்ல கொண்டு போயி காட்டுனேன். அவரு டேப்ப பிரிச்சு பிளேடால கம்பிய ஒரு சொரண்டு சொரண்டுனாரு, மேல செம்பு நெறம், உள்ள வெள்ளையா மின்னுது. "இது அலுமினியம் ஆணு மோனே"ன்னாரு. வெளிய வந்த நுனி மட்டும் காப்பரு, உள்ள முறுக்கி ஒட்டு போட்டுருக்கான், அதான் அலுமினியத்துல லேசுல பிடிக்காத ஈயம் அழகா பிடிச்சுருக்கு.

அப்புறம் ஸ்கேல எடுத்தாரு. ஸ்டாம்பிங்கோட, அதாவது உள்ள அடுக்கிருக்க இரும்புத் தகட்டோட, நீள பக்கம் ஏழரை செ.மீ., அத மூணால வகுத்தா கம்பி சுத்துத நடு நாக்கோட அகலம் ரெண்டரை, அடுக்கோட கனமும் ரெண்டரை, பெருக்குனா 6.25, அத அதாலயே பெருக்குனா 39, ஏறக்குறைய அம்புட்டு விஏதான் அது தாங்கும். எனக்கு வேண்டியது 24 பெருக்கல் 5, 120. அப்ப 5 ஆம்ப்னு வாங்குனதுல ஒன்றரை ஆம்ப்தான் இருக்கு. கடையில நின்னே ஒரு ஸ்கேல் வச்சு பாத்துருக்கலாம், ஒண்ணும் பிரிக்க வேண்டாம்.

மீட்டர் விஷயமும் அவருதான் சொன்னாரு. மெல்லிசு கம்பி போட்டா லோடுல வோல்ட் விழும்னு அவனுக்கே தெரியும், அதனால நாலு சுத்து கூட்டி சுத்திருவான், சும்மா வச்சு அளந்தா ஜோரா நிக்கும். எங்க ஊர்ல ராத்திரி கரண்டு 248 வோல்ட் வரைக்கும் ஏறுது, அப்ப அது 14.3 குடுத்துச்சு, ஏசிய டிசியா மாத்துத பிரிட்ஜ் தாண்டி 1.414 பெருக்குனா கெபாசிட்டர்ல ஒவ்வொரு பக்கமும் 19க்கு மேல. டிடிஏ 2030 தாங்குறது 18 தான். சத்தம் கொறச்சு வச்ச நேரத்துல ஐசி ஏன் போச்சுன்னு அப்பதான் வெளங்குச்சு. பாட்டு சத்தமா ஓடுனப்ப வோல்ட் விழுந்ததால தப்பிச்சிருக்கு!

சேட்டனே புதுசா காப்பர்ல சுத்திக் குடுத்தாரு, 1,350 ரூவா, ரெண்டு கிலோ கனம், 12 வோல்ட்டுன்னா சும்மா இருக்கையில 12.6 தான் காட்டுது, பில்லும் குடுத்தாரு நான் கேக்காமயே. அதே பல்ப மாட்டிப் பாத்தேன், 11.9ல அசையாம நின்னுச்சு, கால் மணி நேரம் கழிச்சும் கை பொறுக்குத சூடுதான். இப்போ 1 ஆம்ப் பியூஸ் போட்டாச்சு.

மாமா கடையில பாட்டு ஓடுது. ஜீப்புக்கு பல்ப திருப்பி மாட்டிக் குடுல, ராத்திரி ஒத்தக் கண்ணுல ஓட்ட வேண்டியிருக்குன்னு தெனமும் திட்டு வாங்கிட்டு கெடக்கேன்.