பழைய காரின் ஸ்டீரிங் ராக்: சீல் மாற்றுவதா, உக்கடத்தில் வாங்குவதா, புதுசே போடுவதா?

என் கார் 2006 மாடல். ஹைட்ராலிக் பவர் ஸ்டீரிங், முன்சக்கர இழுவை. போன வருடம் தாளவாடியில் ஒரு விசேஷத்துக்குப் போகும்போது, பண்ணாரியைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஸ்டீரிங்கை முழுக்க ஒடிக்கும் இடங்களில் எல்லாம் ஒரு முனகல் கேட்டது. வலப்பக்கம் ஒடித்தால் இடது சக்கரத்திலிருந்து 'டக் டக்' சத்தம் வேறு. திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய் நிறுத்திப் பார்த்தால் முன்பக்கம் தரையில் சிவப்பு எண்ணெய் சொட்டியிருந்தது.

ஈரோட்டில் முதலில் காட்டிய பட்டறையில் கீழே படுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ராக் போச்சு, ஆக்சிலும் போச்சு, ரெண்டையும் மாத்திரலாமுங்க" என்றார்கள். ராக் என்பது ஸ்டீரிங்கின் திருப்பத்தை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம். ஆக்சில், கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டு. மாற்றலாம்தான். ஆனால் எதை மாற்றுவது, எதை வைத்து மாற்றுவது என்பதில் நான்கு ஆயிரத்துக்கும் நாற்பது ஆயிரத்துக்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் செலவு நிற்கும். நான் இரண்டு வாரம் அலைந்து, விசாரித்து, கடைசியில் சீல் கிட், அதாவது எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களின் தொகுப்பு, போடும் பக்கம் சாய்ந்தேன். இப்போதும் அந்தப் பக்கம்தான் நிற்கிறேன்.

வழிகளை ஒப்பிடும் முன், எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்தாக வேண்டும். பவர் ஸ்டீரிங் எண்ணெய் எங்கே கசிந்தாலும் காற்றில் பரவி ராக் முழுவதையும் நனைத்துவிடும். ஆகவே ராக் நனைந்திருப்பதால் மட்டும் ராக் கெட்டது ஆகாது. டீசலும் பிரஷ்ஷும் கொண்டு பம்பு, ஹோஸ், ராக் எல்லாவற்றையும் கழுவி, துணியால் துடைத்து, கீழே ஒரு அட்டையை விரித்து, இஞ்சினை ஓடவிட்டு ஸ்டீரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் பத்து தடவை திருப்ப வேண்டும். கடைசியில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது, பம்பு சூடாகிவிடும். பம்பின் புல்லிக்குப் பின்னால் ஈரம் வந்தால் பம்பு சீல். ஹோஸை இரும்போடு பிணைத்த இடத்தில் வந்தால் ஹோஸ்.

ராக்கைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. இரு முனையிலும் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் பெல்லோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். உள்ளே தளும்பினால் ராக் சீல்தான். என் காரில் இடது பெல்லோஸ் தண்ணீர் பாக்கெட் மாதிரி கனத்தது. கிளிப்பைத் தளர்த்தியதும் ஒரு டம்ளர் எண்ணெய் கொட்டியது.

ஒருவேளை ஹோஸாக இருந்திருந்தால் வேலை அன்றே முடிந்திருக்கும். நம் பக்கம் அதில் ஒரு வசதி இருக்கிறது. திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டிகளின் ஊர். ரிக் முழுக்க ஹைட்ராலிக் ஹோஸ்தான் என்பதால், பழைய ஹோஸைக் கொடுத்தால் அதே அளவில் புது ஹோஸின் முனையில் இரும்பு இணைப்பை அழுத்திப் பிணைத்து (கிரிம்ப் செய்து) தரும் கடைகள் இருக்கின்றன. கார் பம்பு தருவது தோராயமாக 60 முதல் 80 பார் அழுத்தம். ரிக் ஹோஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் எண்ணெய் திரும்பி வரும் சாதாரண ஹோஸுக்கு இது தேவையில்லை, எண்ணெய் தாங்கும் ரப்பர் ஹோஸும் கிளாம்ப்பும் போதும்.

சரி, ராக்தான். எனக்குச் சொன்ன விலைகள் இவை: புது ராக் 22,000 ரூபாய், ஆர்டர் போட்டால்தான் வரும். கோவை உக்கடத்தில் உடைப்புக் கார்களின் பாகங்கள் விற்கும் கடைகளில் பழைய ராக் 6,500. நம்முடையதையே கழற்றி சீல் கிட் போட்டால் கூலியோடு 4,800. வீல் அலைன்மெண்ட் மூன்றுக்கும் பொது.

புதுசைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. காரை இன்னும் ஏழெட்டு வருடம் வைத்திருப்பவருக்கு அது நல்லது. என் காரை விற்றாலே ஒன்றரை லட்சம் தேறுமா என்பது சந்தேகம், அதனால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டேன்.

உக்கடத்து ராக்கில் எனக்கு ஆசை இருந்தது. ஒரே நாளில் வேலை முடியும். நேரில் போய் மூன்று ராக்குகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெளியே துடைத்துப் பளிச்சென்று இருந்தன. அங்கேதான் எனக்குத் தயக்கம் வந்தது. ராக்கின் ஆயுள் வெளித்தோற்றத்தில் இல்லை, உள்ளே ஓடும் கம்பியில் இருக்கிறது. கடையில் அதைக் கழற்றிக் காட்ட மாட்டார்கள், கேட்பதும் நியாயம் இல்லை. போதாததற்கு, உடைப்புக்கு வரும் கார்களில் அடிபட்டவையும் இருக்கும். முன்சக்கரத்தில் அடி வாங்கிய காரின் ராக் கம்பி ஒரு நூல் வளைந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

அந்தக் கம்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முடிவே அதில்தான் இருந்தது. ராக்குக்குள் ஒரு குழாய், அதற்குள் கம்பி, கம்பியின் நடுவில் ஒரு பிஸ்டன். நாம் ஸ்டீரிங்கைத் திருப்பும்போது எண்ணெய் பிஸ்டனின் ஒரு பக்கம் அழுத்திக் கம்பியைத் தள்ளுகிறது. கம்பி குழாயை விட்டு வெளியே வரும் இடத்தில் சீலின் மெல்லிய உதடு அதைக் கவ்விப் பிடித்திருக்கிறது. கம்பி வழவழவென்று இருக்கும்வரை சீல் பல வருடம் தாங்கும். பெல்லோஸ் கிழிந்து மழைத்தண்ணீரும் மண்ணும் உள்ளே போனால் கம்பியில் துரு பிடிக்கும். துரு பிடித்த இடம் ஒவ்வொரு தடவை சீலைக் கடக்கும்போதும் அரம் மாதிரி உதட்டைத் தின்னும். அப்படிப்பட்ட கம்பியில் எந்தப் புது சீலைப் போட்டாலும் சில மாதத்தில் மறுபடி ஒழுகும். "சீல் கிட் போட்டால் நிற்காது" என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். குறை சீலில் இல்லை, கம்பியைப் பார்க்காமல் சீலை மாற்றியதில் இருக்கிறது.

சங்ககிரிப் பக்கம் லாரிகளுக்குப் பவர் ஸ்டீரிங் வேலை செய்யும் ஒரு அண்ணனிடம் கொண்டு போனேன். கழற்றி, கம்பியைத் துடைத்து என் கையில் கொடுத்து, "தம்பி, நகத்த வெச்சு இழுத்துப் பாருங்க. நகம் மாட்டுச்சுன்னா இதுல காசு போடாதீங்க" என்றார். இரண்டு முனையிலும் இழுத்துப் பார்த்தேன். இடது முனையில் மங்கலான ஒரு கறை, நகம் மாட்டவில்லை. 1500 நம்பர் எமரி பேப்பரை எண்ணெயில் நனைத்து லேசாகத் தேய்த்ததும் அது போய்விட்டது. பிறகுதான் சீல் கிட் பிரித்தார். நகம் மாட்டியிருந்தால் நானும் உக்கடத்துக்குத்தான் போயிருப்பேன், அங்கே வாங்கியதையும் இவரிடம் கழற்றிக் காட்டிவிட்டுத்தான் வண்டியில் ஏற்றியிருப்பேன்.

ஆக்சிலுக்கும் இதே கணக்குதான், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முழுக்க ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக்' என்றால் சக்கரப் பக்க ஜாயிண்ட். நேராகப் போகையில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் உதறி, காலை எடுத்தால் நின்றுவிட்டால் கியர்பாக்ஸ் பக்க ஜாயிண்ட். வேகம் கூடக் கூட 'ம்ம்ம்' என்று ஏறும் சத்தம் பெரும்பாலும் வீல் பேரிங், அதற்கு ஆக்சிலை மாற்றினால் காசு தண்டம். வீல் ரிம்மின் உள்பக்கம் கருப்பு கிரீஸ் தெறித்திருந்தால் ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறை, அதாவது பூட், கிழிந்திருக்கிறது.

வலது பக்க பூட் கிழிந்திருந்தது, சத்தம் இல்லை. பிரித்துக் கழுவிப் பார்த்தபோது குண்டுகள் ஓடும் பள்ளங்கள் கண்ணாடி மாதிரி இருந்தன. புது பூட்டும் மாலிப்டினம் கலந்த கருப்பு கிரீஸும் போட்டு மூடினோம். சேஸிஸுக்கு அடிக்கும் சாதாரண கிரீஸ் இதற்கு ஆகாது. இடது ஜாயிண்டில் பள்ளத்தில் குழி விழுந்திருந்தது. அதற்கு பூட் மட்டும் போடுவது வீண். வெளி ஜாயிண்டை மட்டும் புதிதாக வாங்கிப் பழைய தண்டிலேயே ஏற்றினோம்.

முழு ஆக்சிலும் புதிதாக மலிவு விலையில் கிடைக்கிறது. நான் போட்டுப் பார்த்ததில்லை. அப்படிப் போட்ட நண்பர் ஒருவர் 80-ஐத் தாண்டினால் அதிர்வதாகச் சொல்கிறார், ஒருவர் அனுபவத்தை வைத்து எல்லாவற்றையும் தள்ள முடியாது. பழைய ஆக்சில் வாங்குவதானால் கியர்பாக்ஸ் ஆயில் சீல் உட்காரும் இடத்தில் அதே நகச் சோதனையைச் செய்யுங்கள். அங்கே கோடு விழுந்திருந்தால் கியர் ஆயில் ஒழுகும். ராக் மாதிரி இல்லை, இதைக் கடையிலேயே பார்த்துவிடலாம்.

வேலை முடிந்து 14 மாதம், 11,000 கி.மீ. ஆகிறது. எண்ணெய் அளவு இறங்கவில்லை. சீல் கிட் ஐந்து வருடம் நிற்குமா என்று கேட்டால் பதில் சொல்ல இன்னும் நாள் ஆக வேண்டும். இரண்டு பெல்லோஸையும் அப்போதே மாற்றினேன், ஜோடி 600 ரூபாய். ஐப்பசி மழை ஓய்ந்ததும் இரண்டையும் ஒருமுறை விரித்து, மடிப்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன்.