குன்னூர் ஓதத்தில் ஆயிரம் சிடிகள்: பெட்டிகளைக் கழற்றிய பிறகு

வீட்டில் ஆயிரத்துக்கும் மேல் சிடிகள் இருக்கின்றன, கொடுத்துவிட மனமில்லை, வைக்க இடமும் இல்லை என்பவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். பிளாஸ்டிக் பெட்டிகளை விட்டுவிடுங்கள், உள்ளே இருக்கும் தாள்களை விடாதீர்கள். சில ஆண்டுகளாகக் குன்னூரில் நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன். சமவெளியில் யாரும் பெரிதாக யோசிக்கத் தேவையில்லாத ஒரு விஷயம் மலையில் குறுக்கே வரும், ஈரம். இடத்தை மிச்சம்பிடிக்கும் எந்த வழியையும் நான் அதை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

இடக் கணக்கு எளிது. சிடியின் தடிமன் 1.2 மி.மீ. அது உட்காரும் வழக்கமான பெட்டி 10 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். அலமாரியில் நாம் அடுக்கி வைப்பதில் பெரும்பகுதி பிளாஸ்டிக்கும் அதற்குள் அடைபட்ட காற்றும்தான். ஓர் அடி நீளத் தட்டில் 29 பெட்டிகள் நிற்கும். மெல்லிய உறைக்கு மாற்றினால் தகடு, முன்பக்கச் சிறு புத்தகம், பின் அட்டை மூன்றும் சேர்ந்தே ஏறக்குறைய 3 மி.மீ.க்குள் அடங்கிவிடுகின்றன. அதே ஓர் அடியில் எண்பது, தொண்ணூறு நிற்கின்றன. எடையும் குறைகிறது. பெட்டியோடு ஒரு சிடி சுமார் 100 கிராம் வரும், தகடு மட்டும் 15, 16 கிராம்தான். மரத்தளம் போட்ட பழைய மலை வீட்டில் ஒரே மூலையில் நூறு கிலோ ஏற்றுவதா என்று யோசிப்பவர்களுக்கு இதுவும் பெரிய நிம்மதி.

உறை வாங்கும்போது இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று, தகட்டுக்கு ஓர் அறை, தாள்களுக்கு ஓர் அறை என இரண்டு அறைகள் இருக்க வேண்டும். வெறும் தகட்டுக்கான உறை மலிவாகக் கிடைக்கும், ஆனால் தாள்களைத் தனியே வைத்தால் நாளடைவில் எது எதனுடையது என்றே தெரியாமல் போகும். இரண்டு, பொருள் பாலிப்ரொப்பிலீனாக இருக்க வேண்டும், பிவிசி வேண்டாம். பிவிசியை வளையச் செய்வதற்காகச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் காலப்போக்கில் கசிந்து தகட்டின் மேல் படியும். மோந்து பார்த்தாலே தெரிந்துவிடும். புது ரெயின்கோட் வாசனை அடித்தால் அதை வாங்காதீர்கள்.

ஒரு பக்கத்துக்கு நான்கு வீதம் செருகும் ஆல்பம் பைகளையும் பயன்படுத்திப் பார்த்தேன். காரில் எடுத்துப்போக நல்லது. வீட்டுச் சேமிப்புக்கு ஒத்துவராது. நடுவே புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் பின்னால் இருக்கும் அத்தனையையும் நகர்த்த வேண்டும், தாள்களுக்கும் இடம் கிடையாது. குச்சியில் கோத்து அடுக்கும் டப்பாவில் அடியில் இருப்பதை எடுக்க மேலே உள்ள எல்லாவற்றையும் தூக்க வேண்டும். அது வெற்று சிடி விற்பதற்கான டப்பா, அவ்வளவுதான்.

இனி ஈரம். தென்மேற்குப் பருவமழை கூடலூரையும் ஊட்டியையும் நனைக்கும். குன்னூருக்குப் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அந்த நாட்களில் ஜன்னலைத் திறந்தால் மேகம் அப்படியே அறைக்குள் வந்துவிடும். சிடி பராமரிப்புக்காக 2003இல் அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட கையேடு 4 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பம், 20 முதல் 50 சதவீதம் ஈரப்பதம் என்று சொல்கிறது. குளிர் நமக்குச் சும்மாவே கிடைக்கிறது. ஈரப்பதம்தான் பிரச்சினை. என் அறையில் வைத்திருக்கும் ஈரமானி நவம்பரில் வாரக்கணக்கில் 80க்குக் கீழே இறங்குவதே இல்லை.

சிடியைப் பூஞ்சை தின்னுமா என்று பலர் கேட்கிறார்கள். மத்திய அமெரிக்க நாடான பெலீஸிலிருந்து வந்த ஒரு சிடியில் அலுமினியப் படலத்தையே பூஞ்சை அரித்திருந்ததை ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்டார்கள். அது வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர். நம் மலையில் முதலில் கெடுவது தகடு இல்லை, தாள். சிறு புத்தகங்கள் பெரும்பாலும் வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அச்சானவை. அந்த மேற்பூச்சு ஈரத்தை வாங்கிக்கொண்டு அழுத்தப்பட்டால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் எழுத்தோடு உரிந்து வரும். உறையில் நெருக்கமாக அடுக்குவது என்றால் தாளை அழுத்தி வைப்பது என்றுதான் பொருள். ஆகவே உறைக்கு மாற்றும் வேலையை ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை, காற்று காய்ந்திருக்கும் நாட்களில் மட்டும் செய்யுங்கள். தாள்களை நிழலில் ஓரிரு நாள் விரித்து வைத்துவிட்டு அப்புறம் செருகுங்கள். மழைக்காலத்தில் செருகினால் ஈரத்தையும் சேர்த்து உள்ளே பூட்டுகிறீர்கள்.

எங்கே வைப்பது என்பது உறையைவிட முக்கியம். எனக்கு இழுப்பறைகள் செய்துகொடுத்த ஆசாரி அளவெடுக்கும்போதே சொன்னார்: "சார், வெளிச்சுவர்ல ஒட்டி வைக்காதீங்க. ஓதம் ஏறும். உள்சுவர்ல வச்சாலும் ரெண்டு விரக்கடை விட்டே வைங்க." அவர் சொன்னபடியே இரண்டு அறைகளுக்கு நடுவேயுள்ள சுவர்ப்பக்கம், கால்கள் வைத்துத் தரையிலிருந்து உயர்த்தி, பின்னால் காற்று போக வழிவிட்டு வைத்திருக்கிறேன். மரைன் பிளைவுட். சாதாரணப் பலகை இழுப்பறை மழைக்காலத்தில் ஊதி, இழுக்க வராது. கணப்பு உள்ள வீடென்றால் புகைபோக்கிச் சுவர் காய்ந்திருக்கும்தான், ஆனாலும் சூடு நேராகப் படும் இடம் வேண்டாம்.

இழுப்பறைக்குள் சிடிகள் செங்குத்தாகத்தான் நிற்க வேண்டும். படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருப்பதன் மேல் பாரம் ஏறும். நிறைய இருக்கிறதே என்று திணிக்கவும் வேண்டாம். உறையின் உள்பக்கத் துணிப்படலம் அழுத்தத்தில் தகட்டின் மேல் தடம் பதிக்கும். ஒவ்வோர் இழுப்பறையிலும் இரண்டு விரல் நுழையும் இடைவெளி விட்டிருக்கிறேன்.

சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் உதவும், ஆனால் போட்டுவிட்டு மறந்தால் பயனில்லை. நிறம் மாறும் வகையை வாங்குங்கள். ஆரஞ்சு பச்சையானதும் மணிகளை மட்டும் தட்டில் கொட்டி 120 டிகிரி ஓவனில் ஓரிரு மணி நேரம் காயவைத்தால் மறுபடி பயன்படும். இழுப்பறை இடுக்குகளில் காற்று புகுந்துகொண்டே இருக்கும் என்பதால் மழைக்காலத்தில் இதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கிறது. வேலை பிடித்ததுதான், ஆனால் இந்த முறைக்கு மாறிய பிறகு என் சிடிகளின் சிறு புத்தகங்கள் எதுவும் ஒட்டிக்கொள்ளவில்லை.

பெட்டி போனால் முதுகில் இருக்கும் பெயர் போய்விடுமே என்ற கவலை நியாயமானது. அதற்கு வழி இருக்கிறது. பின் அட்டையின் இரு ஓரங்களிலும் பெயர் அச்சிட்ட மெல்லிய மடிப்புப் பட்டை இருக்கும். அதில் ஒன்றை நிமிர்த்திவிட்டு, மற்றதை மடித்தபடியே மேல்பக்கம் வரும்படி உறையைத் திருப்பி நிறுத்தினால் இழுப்பறையைத் திறந்ததும் பெயர்கள் வரிசையாகத் தெரியும். நடுநடுவே தடித்த அட்டை வைத்து வாய்ப்பாட்டு, வயலின், நாகஸ்வரம், திரையிசை எனப் பிரித்திருக்கிறேன். அலமாரியில் நிற்கும் அழகு இதில் இல்லை. வீட்டுக்கு வருபவர்கள் முதுகுகளைப் படித்துக்கொண்டே பேச்சைத் தொடங்குவது நின்றுவிட்டது. அது எனக்கு உண்மையாகவே இழப்புதான். அட்டையாலேயே ஆன மடிப்பு உறைகளையும் பல தகடுகள் கொண்ட தொகுப்புகளையும் மட்டும் கலைக்காமல் தனித்தட்டில் வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டுத் தகடுகளைக் கொடுத்துவிடலாமே என்பார்கள். ஏற்றத்தான் வேண்டும். ஃபிளாக் வடிவில் தரம் குறையாமல் ஏற்றினால் ஒரு சிடி 300, 400 எம்பி. ஆயிரம் சிடிகளும் அரை டெராபைட் வட்டில் அடங்கும். ஆனால் கச்சேரிப் பதிவின் புத்தகத்தில் ராகம், தாளம், இயற்றியவர், வயலின், மிருதங்கம், கடம் யார் யார் என்று எல்லாம் இருக்கும். இணையச் சேவைகளில் பாடகர் பெயர் மட்டும் இருக்கிறது, பக்கவாத்தியக்காரர்கள் பலநேரம் காணாமல் போகிறார்கள். அந்தத் தாள் இருக்கும்வரை அந்தக் கலைஞர்களும் அந்தப் பதிவில் இருக்கிறார்கள். வட்டும் ஒருநாள் கெடும், அப்போது மறுபடி ஏற்றத் தகடு வேண்டும்.

மிச்சமான பெட்டிகளை என்ன செய்வது? அவை பாலிஸ்டைரீன். குளிருக்குக் கணப்பில் போட்டு எரிக்கவே கூடாது, புகை அவ்வளவு கெடுதல். விரிசல் இல்லாதவற்றில் ஐம்பதைக் கைவசம் வைத்துக்கொண்டேன், எப்போதாவது ஒரு சிடியை யாருக்காவது கொடுக்கும்போது தேவைப்படும். மற்றவற்றைச் சாக்கில் கட்டிக் கோயம்புத்தூருக்கு எடுத்துப்போய்ப் பழைய பிளாஸ்டிக் வாங்கும் கடையில் கொடுத்தேன். எல்லாக் கடைகளிலும் இந்த வகையை எடுப்பதில்லை, போன் செய்து கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.