மடக்கு ஸ்டிக்: எலாஸ்டிக் மாற்றிய கையோடு எழுதுவது

போன வாரம் என் வெள்ளை ஸ்டிக்கின் எலாஸ்டிக் அறுந்துபோனது. அதை மாற்ற அலைந்துகொண்டிருந்தபோது நண்பர் போன் செய்தார். அவர் அப்பாவுக்கு கிளகோமா, பக்கவாட்டுப் பார்வை குறைந்துகொண்டே வருகிறதாம். "நீ வச்சிருக்கிறதையே அப்பாவுக்கும் வாங்கிடலாமா?" என்று கேட்டார்.

நான்கு துண்டு அலுமினியக் குழாய், உள்ளே ஓடும் எலாஸ்டிக், அடியில் பென்சில் மாதிரி ஒல்லியான நைலான் முனை. எல்லாரும் பார்த்திருக்கும் சரக்குதான். உதறினால் டக்டக்கென்று தானே நீண்டுகொள்ளும், மடக்கினால் பஸ்ஸில் மடியில் அடங்கிவிடும். இந்த ஒரு வசதிக்காகத்தான் அந்த முனையை இத்தனை வருடம் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

நம்மூர் நடைபாதையில் சாக்கடையை மூடியிருக்கும் ஸ்லாபுகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி எப்போதும் இருக்கும். முனை நேராகப் போய் அதில் இறங்கும். நடக்கிற வேகத்துக்குக் கைப்பிடி வந்து அடிவயிற்றில் ஒரு குத்து. சரி, பிடுங்கலாம் என்றால் கடைசித் துண்டு இடுக்கிலேயே நிற்க, மீதி மூன்றும் கையோடு வரும். எலாஸ்டிக் தொய்ந்துபோவதற்கு வேறு காரணமே வேண்டாம். தையல் கடை எலாஸ்டிக் போட்டால் சீக்கிரமே தளர்ந்து, ரோட்டைக் கடக்கும்போது மூட்டு கழன்றுகொள்ளும். கடைசியில் ஒரு குடை ரிப்பேர்காரர்தான் தடிமனான ரப்பர் கயிற்றைக் கம்பியில் கோத்து இழுத்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். இப்போது மடக்கத்தான் தம் கட்ட வேண்டியிருக்கிறது.

குறை சொன்ன வாயால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒல்லி முனை தரும் சத்தம் வேறு எதிலும் வராது. தார் ரோடு, சிமெண்ட், அடியில் பள்ளம் இருக்கும் ஸ்லாப், இரும்பு மூடி எல்லாம் காதிலேயே பிரிந்துவிடும். உருளும் குண்டு முனை இடுக்கில் மாட்டாது. ஆனால் கனம், மணிக்கட்டு வலிக்கும், சத்தமும் மந்தம்.

இடுப்புக்கு மேல் இருப்பதை எந்த முனையும் சொல்லாது. லாரியின் பின்கதவு, தள்ளுவண்டிக் குடைக் கம்பி எல்லாம் நெற்றியில்தான் தெரியவரும். அதற்காகவே ஐஐடி டெல்லியில் உருவான ஸ்மார்ட்கேன் இருக்கிறது. ஒலி அலையை அனுப்பி, எதிரே இருப்பதை அதிர்வாகக் கைக்குச் சொல்லும்.

வாங்குகிறவர்கள் உயரத்தைப் பாருங்கள். நட்டுவைத்தால் நெஞ்செலும்பு வரை வர வேண்டும். இலவச முகாமில் எனக்குக் கிடைத்த முதல் ஸ்டிக் இடுப்பளவுதான், ஊன்றத்தான் லாயக்கு. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த அமெரிக்க வீரர்களுக்காக ரிச்சர்ட் ஹூவர் நீண்ட கோலையும், வலது கால் வைக்கும்போது இடப்பக்கம் தட்டும் முறையையும் கொண்டுவந்தார். அடுத்த அடி விழப்போகும் இடத்தை முன்கூட்டியே தொட்டுப் பார்க்கத்தான் அந்த நீளம். இதைக் கற்றுத்தரும் நடைப் பயிற்சியாளர் இல்லாமல் ஸ்டிக்கை மட்டும் கொடுத்தால், வீட்டு மூலையில்தான் நிற்கும்.

அப்புறம், உதவி செய்கிறவர்களுக்கு ஒன்று. ஸ்டிக்கின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள் சாமி! அது எனக்குக் கண். முழங்கையை நீட்டுங்கள், நானே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருகிறேன். எலாஸ்டிக் அறுந்ததும் அப்படி இழுத்த ஒரு நல்லவரால்தான். கோபப்படவும் முடியவில்லை, ரோட்டைக் கடத்திவிட்டாரே.

நண்பரிடம் இதை வாங்காதே என்றேன். அப்பா பஸ் ஏறப்போவதில்லை, தெருமுனை டீக்கடைக்குத்தான் போய் வருவார். மடக்காத ஒரே குழாய் ஸ்டிக், உருளும் முனையோடு போதும். எனக்கு மட்டும் இதே மாடலில் இன்னொன்று ஆர்டர் போட்டிருக்கிறேன், கூடவே இரண்டு உதிரி முனைகளும்.