எஸ்-10-க்கு வி8: 350 போடலாமா, 5.3 போடலாமா?

1994 முதல் 2004 வரை வந்த செவ்ரோலே எஸ்-10 பிக்கப்பில் 4.3 லிட்டர் வி6 ஓய்ந்துபோனால், அமெரிக்காவில் பெரும்பாலானோர் பேசுவது இரண்டு வி8 பற்றித்தான். ஒன்று பழைய ஸ்மால் பிளாக் 350, அதாவது 5.7 லிட்டர். இன்னொன்று 1999 முதல் சில்வராடோ, டாஹோ வண்டிகளில் வந்த எல்எம்7 என்ற 5.3 லிட்டர். நாங்கள் போட்டது 5.3. இன்னொரு வண்டிக்கும் அதையே போடுவோம். ஆனாலும் 350-க்காகப் பேசுகிறவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடலாம்.

4.3 என்பதே 350-இல் இரண்டு சிலிண்டரைக் கழித்துச் செய்த இன்ஜின். போர் 4 அங்குலம், ஸ்ட்ரோக் 3.48 அங்குலம், இரண்டுக்கும் ஒன்றேதான். மவுண்ட் உட்காரும் இடம், கியர்பாக்ஸ் போல்ட் துளைகள் எல்லாம் பொருந்தும். 350 சுமார் 4.4 அங்குலம் கூடுதல் நீளம், அது முழுக்க முன்பக்கம்தான் வரும். இன்ஜினோடு சுற்றும் விசிறியைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போட்டால்தான் ரேடியேட்டர் தப்பும். டிரைவர் பக்கம் ஸ்டியரிங் ஷாஃப்டில் எக்ஸாஸ்ட் இடிக்கும். எஸ்-10 வி8-க்கென்றே விற்கிற ஹெடரை (எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுதி) வாங்கிவிடுங்கள், வளைத்து ஒட்டிச் சமாளிக்க வேண்டாம். கையிலிருக்கும் 4.3-இன் ஃப்ளெக்ஸ்பிளேட்டை (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் வட்டத் தகடு) மட்டும் 350-இல் போட்டுவிடாதீர்கள். பேலன்ஸ் வேறு, வண்டி முழுக்க அதிரும்.

இறக்கி உட்கார வைக்கும் வேலை என்று பார்த்தால் 350 சுலபம். 5.3 அப்படி இல்லை. மவுண்டுக்கு அடாப்டர் பிளேட் வேண்டும். ட்ரக்கோடு வரும் ஆயில் பான் ஆழம், எஸ்-10 சேஸின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரில் மோதும். 1998–2002 கமாரோவின் எல்எஸ்1 பான் தேட வேண்டும், அதோடு அதே செட்டின் பிக்கப் டியூப் (ஆயிலை உறிஞ்சும் குழாய்), விண்டேஜ் ட்ரே (windage tray, சுழலும் கிராங்கிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் தகடு), டிப்ஸ்டிக் எல்லாம் வர வேண்டும். ட்ரக்கின் ஏசி கம்ப்ரஸர் கீழே இருப்பதால் சேஸில் இடிக்க வாய்ப்பு அதிகம், வேறு பிராக்கெட் போட வேண்டியிருக்கும். சிலிண்டர் ஹெட்டிலிருந்து வரும் சின்ன ஸ்டீம் பைப்பை அடைத்துவிடாமல் ரேடியேட்டரின் மேல்பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும். அடைத்தால் ஹெட்டுக்குள் ஆவி தங்கிச் சூடேறும்.

கியர்பாக்ஸையும் 5.3-ஓடு சேர்த்தே எடுங்கள். இரண்டு வண்டியிலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு 4எல்60இ என்று பெயர் இருந்தாலும் எஸ்-10-இன் பழைய பெட்டியை மாட்ட ஸ்பேஸர், வேறு ஃப்ளெக்ஸ்பிளேட் என்று செலவு கூடும். கழற்றப்போகும் டாஹோ 4x4 என்றால் அதன் பெட்டி பின்சக்கரம் மட்டும் இழுக்கும் உங்கள் 4x2-க்கு ஆகாது, பின்பக்க ஷாஃப்டும் ஹவுஸிங்கும் வேறு.

இவ்வளவு கூடுதல் வேலை இருந்தும் ஏன் 5.3? சக்திக்காக மட்டும் இல்லை. ட்ரக்கில் வந்த 350 வோர்டெக், அதாவது எல்31, 255 குதிரைத்திறன். 5.3 வருடத்தைப் பொறுத்து 270-லிருந்து 295. டார்க்கில் பெரிய வித்தியாசம் இல்லை. எங்களுக்கு முடிவு சொன்னது கம்ப்யூட்டரும் வயரிங்கும்தான். வண்டி புகைச் சோதனையில் தேறுமா, நாளைக்கு வேறொரு மெக்கானிக் கையில் கொடுத்தால் அவரால் பழுதைக் கண்டுபிடிக்க முடியுமா, விற்கும்போது வாங்குபவர் நம்புவாரா என்ற மூன்று கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

1996 முதல் வந்த எஸ்-10 எல்லாம் ஓபிடி-2 வண்டி, அதாவது கம்ப்யூட்டரே பழுதைக் கண்டு ஸ்கேனருக்குச் சொல்லும் வகை. கார்புரேட்டர் 350-ஐ அதில் போட்டால், சோதனை நடக்கும் மாநிலங்களில் ஸ்கேனரைச் செருகியதுமே ஃபெயில்தான். எல்31-ஐ அதன் கம்ப்யூட்டரோடு சேர்த்து எடுத்தால் 350-க்கும் ஓபிடி-2 கிடைக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் நடுவிலிருந்து குழாய்கள் வழியே பெட்ரோல் அனுப்பும் அதன் ஸ்பைடர் இன்ஜெக்‌ஷனில் குழாய் முனையிலுள்ள பாப்பெட் வால்வுகள் ஒட்டிக்கொண்டு மிஸ்ஃபயர் ஆகும். பெட்ரோல் அழுத்தம் 60 பிஎஸ்ஐ அளவிலிருந்து கொஞ்சம் இறங்கினாலே ஸ்டார்ட் ஆக மறுக்கும். டிஸ்ட்ரிபியூட்டரின் பிளாஸ்டிக் உடல் தேயும், வெடிக்கும். 5.3-இல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி காயில், தனித்தனி இன்ஜெக்டர். டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. 58 பிஎஸ்ஐ போதும். ஃபியூல் ரயிலில் ரெகுலேட்டர் இல்லாவிட்டால் சி5 கார்வெட்டின் ஃபில்டரை டேங்க் அருகே வையுங்கள், அதற்குள்ளேயே ரெகுலேட்டரும் ரிட்டர்ன் வழியும் இருக்கிறது.

கம்ப்யூட்டரில் தேட வேண்டியது 2001, 2002 ட்ரக்குகளில் வந்த, 12200411 என்ற எண் உள்ளது. அந்த வருடங்களில் பெரும்பாலும் ஆக்சிலரேட்டர் கேபிள்தான், வேலை குறையும். 2003 முதல் வந்த எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் பெடல், டேக் மாட்யூல் (த்ராட்டிலை இயக்கும் பெட்டி), த்ராட்டில் மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து செட்டாக எடுங்கள். ஹார்னஸைக் கழற்றும்போது எதையும் வெட்டாதீர்கள். வண்டிப் பக்கம் தர வேண்டியவை கொஞ்சம்தான்: எப்போதும் பேட்டரி கரண்ட், சாவி போட்டதும் வரும் கரண்ட், பம்ப் ரிலே வயர், ஓபிடி சாக்கெட்டின் 2-ஆம் பின்னுக்குப் போகும் டேட்டா வயர், நல்ல எர்த். ஹெட்டின் பின்புறத்திலிருந்து சேஸுக்கும் ஃபயர்வாலுக்கும் எர்த் பட்டை கட்டாயம்.

அடுத்தது திருட்டுத் தடுப்பு. டோனர் வண்டியின், அதாவது இன்ஜினைக் கழற்றிய வண்டியின், கம்ப்யூட்டர் அதன் பாஸ்லாக் என்ற திருட்டுத் தடுப்பைத் தேடும். சாவி திருப்பினால் இன்ஜின் பிடிக்கும், ஓரிரு வினாடியில் அணையும். மறுபடி பிடிக்கும், மறுபடி அணையும். பெட்ரோல் வரவில்லை என்று நினைத்துப் புது பம்ப் வாங்குகிறவர்கள் உண்டு. டியூனரிடம் கொடுத்துச் சாஃப்ட்வேரில் அதை நீக்கினால் தீர்ந்தது. அதே கையோடு பின் ஆக்சிஜன் சென்சாரையும் ஈவாப்பையும் (டேங்கின் பெட்ரோல் ஆவி வெளியேறாமல் பிடிக்கும் அமைப்பு) நீக்கித் தரச் சொல்வதுதான் தப்பு. சட்டத்துக்கும் விரோதம், சோதனையில் அந்த மானிட்டர்கள் 'ரெடி' காட்டாமல் மாட்டிக்கொள்ளும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், பின் சென்சார், டேங்கின் ஈவாப் எல்லாவற்றையும் டோனரில் இருந்தபடியே மாட்டுங்கள். கலிஃபோர்னியாவில் இன்ஜின் வருடம் வண்டி வருடத்துக்குச் சமமாகவோ புதிதாகவோ இருக்க வேண்டும், ரெஃபரி எனப்படும் புகைச் சோதனை ஆய்வாளர் பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். 2003 எஸ்-10 வைத்திருப்பவர் அங்கே 2001 இன்ஜினை வாங்கக் கூடாது.

இப்படி முடித்த வண்டியில் யார் ஸ்கேனரைச் செருகினாலும் பழுதுக் குறியீட்டைப் படிக்கும். உதிரிபாகக் கடையில் "2002 சில்வராடோ 5.3" என்று கேட்டால் சாமான் கையில் வரும். வாங்க வருபவருக்கும் அதுவே தெம்பு.

காயலான் கடையில் இன்ஜின் எடுக்கும்போது விஐஎன் எண்ணின் எட்டாவது எழுத்தைப் பாருங்கள். 'டி' (T) என்றால் எல்எம்7. 'வி' (V) என்றால் 4.8 லிட்டர், வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். சிலிண்டரை அணைத்து மைலேஜ் கூட்டும் ஏஎஃப்எம் வசதியுள்ள பிந்தைய 5.3-களைத் தவிர்க்கிறோம், லிஃப்டர் போகும். ஹெட்டில் 706 என்ற வார்ப்பு எண் இருந்தால் வால்வ் கவரைத் திறந்து காஸ்டெக் என்ற வார்ப்பாலையின் முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த வார்ப்பு ஹெட்டுகளில் விரிசல் விட்டு, வெளியே கசிவு தெரியாமலே கூலன்ட் குறையும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் பின்கோடி போல்ட் அநேகமாக ஒடிந்திருக்கும், இன்ஜின் ஸ்டாண்டில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். பான் மாற்றும்போது பிக்கப் டியூபின் ஓ-ரிங்கைப் புதிதாகப் போடுங்கள். பம்பில் டியூபைப் பிடிப்பது ஒரே போல்ட், கோணலாக இறுக்கினால் ரிங் நசுங்கிக் காற்று இழுக்கும், ஆயில் அழுத்தம் விழும்.

நாங்கள் கைவைத்ததெல்லாம் 4x2 வண்டிகள். 4x4-இல் முன் டிஃபரென்ஷியல் குறுக்கே நிற்பதால் மேலே சொன்ன பான் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எந்த வி8 போட்டாலும் பின் ஆக்ஸிலுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். எஸ்-10-இன் சுமார் 7.5 அங்குலப் பின் கியர் வி8-இன் இழுப்பை வெகுநாள் தாங்காது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல ஆக்ஸில் மலிவாகக் கிடைக்கும், 1995 முதல் வந்ததில் டிஸ்க் பிரேக்கும் உண்டு. ஆனால் அதன் வீல் போல்ட் வட்டம் 4.5 அங்குலம், எஸ்-10-இல் 4.75. முன்னும் பின்னும் ஒரே வீல் மாட்ட வேண்டுமென்றால் ஆக்ஸில் ஷாஃப்டில் புதுத் துளை போட வேண்டும், இல்லையென்றால் அடாப்டர் வாங்க வேண்டும்.