தாத்தா காலத்து ரிவால்வரை மதிப்புப் பார்க்கக் கொடுத்து ஏமாந்த கதை

வீட்டில் பழைய ரிவால்வரோ துப்பாக்கியோ இருந்து, லைசென்ஸ் வைத்திருந்த பெரியவர் காலமாகி, அதை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். எங்களுக்கு நடந்தது இன்னொரு குடும்பத்துக்கு நடக்கக் கூடாது.

எங்களுடையது வெப்ளி அண்ட் ஸ்காட் கம்பெனியின் ரிவால்வர், .32 போர் (தோட்டா அளவு), இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் செய்தது. தாத்தா கோத்தகிரி பக்கம் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தபோது வாங்கியது, அவருக்குப் பிறகு அப்பா பெயரில் லைசென்ஸ் ஆனது. பிள்ளைகள் நாங்கள் அதைத் தொட்டதே கிடையாது. தேர்தல் வந்தால் அப்பா அதை மஞ்சள் பையில் சுற்றி எடுத்துப் போய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு வருவார், தேர்தல் முடிந்து திரும்ப வாங்கி வந்ததும் கூடத்து மேசையில் செய்தித்தாளை விரித்து எண்ணெய் போட்டுத் துடைப்பார், நாங்கள் பார்ப்பது அப்போதுதான். கைப்பிடி கறுப்பு நிறக் கெட்டி ரப்பர். இடது பக்கம் அடி மூலையில் அரை நக அளவுக்குச் சில்லு பெயர்ந்திருக்கும், தாத்தா கையிலிருந்து ஒருமுறை சிமெண்ட் தரையில் விழுந்ததாம்.

லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் வாரிசு என்றாலும் நாம் அதை வீட்டில் வைத்திருக்க முடியாது. 1959 ஆயுதச் சட்டப்படி ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும், குறித்த காலத்துக்குள் நம் பெயருக்கு லைசென்ஸ் வாங்கியோ, லைசென்ஸ் உள்ளவருக்கு விற்றோ தீர்க்காவிட்டால் அரசுக்கே போய்விடும். அதனால் அப்பா காலமாகி, காரியம் முடிந்த கையோடு நகரத்துக்குள் இருக்கும் ஒரு கடையில் ஒப்படைத்தோம். ரசீதில் "ரிவால்வர் ஒன்று, .32" என்று எழுதி நம்பரைப் போட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். எந்த நிலையில் இருந்தது, கைப்பிடி எப்படி, ஒரு வரி கிடையாது. கேட்டு எழுத வைத்திருக்க வேண்டும், துக்கத்தில் தோன்றவில்லை.

அக்காவும் நானும் விற்றுப் பாதியாகப் பிரித்துக்கொள்வது என்று முடிவு செய்து அந்தக் கடைக்காரரிடமே விலை கேட்டோம். "சர்வீஸ் பண்ணிப் பார்த்தாத்தான் சார் மதிப்பு சொல்ல முடியும், வெளியில பிசுக்கு ஏறியிருக்கு" என்றார். 6,500 ரூபாய் கட்டினோம். பத்து நாள் கழித்துப் போனால் ரிவால்வர் புதுசு போலப் பளபளவென்று மின்னியது. பேரலை (குழலை) பாலிஷ் போட்டுத் தேய்த்து மேலே புதிதாக ப்ளூயிங் (துரு பிடிக்காமலிருக்க இரும்பில் ஏற்றும் கருநீல மெருகு) ஏற்றியிருந்தார்கள், கிரீடம் போட்ட பர்மிங்ஹாம் முத்திரை விரலால் தடவினால்கூடத் தெரியாத அளவுக்கு மழுங்கிப் போயிருந்தது. சரி, மதிப்பு எவ்வளவு என்றால் 40,000 என்றார். ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணம்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது: "ஒரிஜினல் ஃபினிஷ் இல்லையே சார்."

அக்கா பேசாமல் அதைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் கையைப் பிடித்து இடது பக்க மூலையில் வைத்தாள். சில்லு இல்லை. கைப்பிடியையே மாற்றிவிட்டார்கள்.

பழைய துப்பாக்கியில் மதிப்பே அந்தப் பழைய தோலில்தான் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். தொழிற்சாலையில் ஏற்றிய ப்ளூயிங் எவ்வளவு மிச்சம், முத்திரைகள் தெளிவாக இருக்கின்றனவா, ஃபிரேமில் (உடல் பகுதியில்) உள்ள நம்பரும் தோட்டா போடும் சிலிண்டரில் உள்ள நம்பரும் ஒன்றா, கைப்பிடி அதனுடையதா, பேரலுக்குள் துரு குழி விழுந்திருக்கிறதா, தோட்டா போட மடித்துத் திறக்கும் கீல் மூடிய பிறகு ஆடுகிறதா, வாங்கிய பில்லோ பழைய லைசென்ஸ் புத்தகமோ இருக்கிறதா, இவற்றைப் பார்த்துத்தான் விலை. பழுப்பேறிக் கிடந்தாலும் அப்படியே இருப்பதற்குத்தான் சேகரிப்பவர்கள் பணம் கொடுப்பார்கள், பளபளப்புக்கு அல்ல. தேய்த்தது தேய்த்ததுதான், திரும்ப வராது. நம் நாட்டில் இன்னொன்றும் சேர்கிறது. 1980களின் நடுவிலேயே தனியார் துப்பாக்கி இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள், அதனால் அதற்கு முன்பே வந்த வெளிநாட்டு ரிவால்வருக்கு எப்போதும் கிராக்கி, அதிலும் .32 என்றால் தோட்டா உள்நாட்டிலேயே கிடைக்கும். 2014ல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை வெளியிட்ட .32 போர் நிர்பீக் ரிவால்வர், அன்றைய விலை 1,22,360 ரூபாய். எங்கள் வெப்ளிக்கு 40,000!

அப்பா எண்ணெய் போட்டபோது அக்கா மகன் போனில் எடுத்த நான்கு படங்கள் இருந்தன. அவற்றை இன்னொரு கடையில் காட்டினோம். அந்தப் பெரியவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இப்படியே கொண்டுவந்திருந்தா ரெண்டு லட்சத்துக்குக் கீழ பேசியே இருக்க மாட்டேன் தம்பி, யார் இதைத் தேய்க்கச் சொன்னது?" என்றார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

இதற்கு நடுவில் ஒரு தரகர் வேறு வந்து, நூறு வருஷம் நெருங்கிவிட்டது, ஆண்டிக், லைசென்ஸ் எதுவும் வேண்டாம், ரொக்கமாகத் தருகிறேன் என்றார். தயவுசெய்து நம்பாதீர்கள். சுடக்கூடிய ரிவால்வர் எவ்வளவு பழையதானாலும் ஆயுதம்தான், லைசென்ஸ் இல்லாதவர் கையில் கொடுத்தால் கொடுத்தவரும் மாட்டுவார்.

ஒப்படைக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், முத்திரையையும் நம்பரையும் கிட்டத்தில் வைத்து எடுங்கள், கைப்பிடியில் உள்ள கீறல் உட்பட ரசீதில் எழுதச் சொல்லுங்கள், "சுத்தம் செய்யக் கூடாது, எதையும் மாற்றக் கூடாது" என்று அதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விலை கேட்கும் கடையும் வாங்கப்போகும் கடையும் ஒன்றாக இருக்க வேண்டாம்.

வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம், கடைக்கு வக்கீல் நோட்டீசும் போயிருக்கிறது. ரிவால்வரை இப்போதைக்கு விற்கவில்லை. சென்னையில் யாராவது உங்களிடம் பழைய வெப்ளி கைப்பிடி என்று விற்க வந்து, அதில் இடது பக்கம் அடி மூலையில் சின்னச் சில்லு பெயர்ந்திருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். என்ன விலை சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன்.