"இலவச பாத ஸ்கேன்" நோட்டீஸ் திரும்பவும் வந்திருக்கிறது, திருகோணமலை ஆட்கள் கவனம்

நேற்று மாலை மத்திய வீதியால் வரும்போது மின்கம்பத்தில் அதே நோட்டீஸைத் திரும்பவும் கண்டேன். முன்பு பச்சை நிறம், இப்போது நீலம். பெயரையும் மாற்றியிருக்கிறார்கள், ஆனால் படம் அதே படம்தான், சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பாதம், அதிலிருந்து முழங்காலுக்கும் நாரிக்கும் அம்புக்குறி. "வலிக்குக் காரணம் உங்கள் பாதத்தில்! மூன்று நாள் மட்டும்!" போன வருடம் இதை நம்பிப் போய் 46,000 ரூபாவையும் ஐந்து மாதத்தையும் இழந்தேன். எங்கள் மாமி காலில் புண்ணோடு ஆறு கிழமை ஆஸ்பத்திரிக்கு அலைந்தார். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

நான் ஆசிரியை. 22 வருடமாக ஒரு நாளைக்கு ஐந்து ஆறு பாடவேளை நின்றுதான் படிப்பிக்கிறேன். போன வருடத் தொடக்கத்தில் இடது முழங்காலின் உள்பக்கம் நோகத் தொடங்கி, பிறகு இடுப்பு, பிறகு நாரி என்று ஏறிக்கொண்டே போனது. வெள்ளிக்கிழமைகளில் கோட்டை வாசலிலிருந்து மான்களைத் தாண்டி கோணேசர் கோயிலுக்கு நடந்தே ஏறுகிற நான், ஆட்டோ பிடிக்கிற நிலைக்கு வந்துவிட்டேன். எக்ஸ்ரே எடுத்தபோது முழங்காலில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்கள். அந்தச் சமயம் பார்த்துத்தான் இந்த நோட்டீஸ் கண்ணில் பட்டது.

மண்டபத்தில் ஒரு கண்ணாடித் தட்டில் ஏறி நிற்கச் சொன்னார்கள். கணினியில் என் பாதம் வண்ணவண்ணமாக விழுந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட தம்பி, "அன்ரி, உங்களுக்குத் தட்டைப் பாதம், முழங்கால், நாரி, கழுத்து, தலையிடி எல்லாத்துக்கும் வேர் இதுதான்" என்றார். எனக்குத் தலையிடியே இல்லை, ஆனால் மற்றதெல்லாம் பொருந்தியதால் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அடுத்து நடந்ததை நன்றாகக் கவனியுங்கள், எல்லோரையும் விழுத்துவது இந்த இடத்தில்தான். வெறுங்காலோடு நின்று வலது கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, இரண்டு விரலால் அந்தக் கையைக் கீழே அழுத்தினார். நான் சரிந்துவிட்டேன். பிறகு சப்பாத்துக்குள் வைக்கிற அவர்களுடைய சோல் மேலே ஏற்றி நிற்க வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவதுபோல் அழுத்தினார், நான் அசையவே இல்லை. சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள். அந்த நிமிடத்தில் யார் வந்து சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

பிறகு ஒருநாள் வீட்டில் மகன் அதையே ஒரு பிஸ்கட் பக்கற்றை என் காலுக்குக் கீழே வைத்துச் செய்து காட்டினான். அப்போதும் நான் அசையவில்லை. கையை அழுத்தும்போது கொஞ்சம் வெளிப்பக்கமாக, உடம்பை விட்டு விலக்கி அழுத்தினால் யாராக இருந்தாலும் சரிவார்கள். அதே பலத்தை உடம்பை நோக்கி உள்ளே அழுத்தினால் அசைக்க முடியாது. எல்லாம் அழுத்துகிறவன் கையில் இருக்கிறது, சோலில் ஒன்றுமில்லை. நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள்.

"உங்கள் பாதத்துக்கென்றே அளவெடுத்துச் செய்து தருவோம், பத்து நாள்" என்று முழுக் காசையும் முன்பே வாங்கினார்கள். வந்த சோலை நான்கு மாதம் போட்டேன். வலி கூடியதே தவிரக் குறையவில்லை. தொலைபேசியில் கேட்டால் "பழைய வலி வெளியேறுது அன்ரி, விடாமல் போடுங்கோ" என்பார்கள், பிறகு அந்த எண்ணும் வேலை செய்யவில்லை. பாடசாலையில் இன்னொரு ஆசிரியையும் வாங்கியிருந்தார். ஒருநாள் ஓய்வறையில் இரண்டு சோடியையும் மேசையில் வைத்து, பிளேட்டால் மேல்துணியை உரித்தோம். கீழே ஒரே மாதிரிச் சாம்பல் நிற ஸ்பொஞ்ச், ஒரே கடினப் பிளாஸ்டிக் வளைவு, இரண்டிலும் "38" என்று அச்சு. அவர் பாதம் மெலிந்து வளைவு உயர்ந்த பாதம், என்னுடையது தட்டை. இரண்டுக்கும் ஒரே சோல்.

மாமியின் கதையை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது. அவருக்கு 15 வருடமாகச் சீனி வருத்தம். என்னோடு சும்மா வந்தவருக்கு, முள்ளுமுள்ளாகக் குமிழ் வைத்த காந்தச் செருப்பை "நரம்புப் புள்ளிகளைத் தூண்டும், சீனி தானாகக் குறையும்" என்று விற்றார்கள். நாலாம் நாள் காலை எழும்பிப் பார்த்தால், சீமெந்துத் தரையில் அடுப்படியிலிருந்து சாமியறை வரை ஒவ்வோர் அடிக்கும் ஒரு சிவப்புப் பொட்டு. பெருவிரலுக்குக் கீழே தோல் உரிந்து இரத்தம். மாமி பூப் பறித்துக்கொண்டு நிற்கிறார், அவருக்கு நோகவே இல்லை. கிளினிக்கில் மெல்லிய நைலோன் இழை ஒன்றால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், 10 கிராம் அழுத்தம் கொடுக்கிற இழையாம், பாதி இடங்களில் மாமிக்கு உணர்வே இல்லை. சீனி வருத்தம் நீண்ட நாள் இருந்தால் பாத நரம்புகள் இப்படி மரத்துப்போகும். அப்படிப்பட்ட காலில் குமிழ்ச் செருப்பைப் போடுவது புண்ணைக் கூப்பிட்டு வைப்பது. புண் முற்றினால் விரலை, காலையே எடுக்க நேரிடும். தயவுசெய்து உங்கள் வீட்டில் சீனி வருத்தம் உள்ளவர்களை அந்த மண்டபத்துப் பக்கமே கூட்டிப் போகாதீர்கள். மத்தியான வெயிலில் கோயில் வீதியில் வெறுங்காலோடு நடக்கவும் விடாதீர்கள், கல் சுடுவது அவர்களுக்குத் தெரியாது.

சரி, என் காலுக்கு வருகிறேன். மாமியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போன இடத்தில்தான் அங்கிருந்த டொக்டர் என் நடையைப் பார்த்து பிசியோதெரபிக்குத் துண்டு எழுதித் தந்தார். அங்கே இருந்த பிள்ளை முதலில் கேட்டது என் பழைய செருப்பை. பொதுவாகக் குதியின் வெளி ஓரம்தான் தேயுமாம், என் இடது செருப்பில் உள் ஓரம் ஓலை மாதிரித் தேய்ந்திருந்தது. பிறகு என்னை நிற்க வைத்துப் பின்னாலிருந்து படம் எடுத்துக் காட்டினார். வலது பக்கம் சுண்டுவிரல் மட்டும் எட்டிப் பார்க்கிறது, இடது பக்கம் மூன்று விரல் தெரிகிறது. அப்புறம், "ரீச்சர், இடது காலில மட்டும் நின்று குதியை உயர்த்துங்கோ" என்றார். என்னால் ஒரு தடவைகூட உயர்த்த முடியவில்லை.

எனக்கு இருந்தது பிறவித் தட்டைப் பாதம் இல்லை. கெண்டைக்காலிலிருந்து உள் கணுக்காலுக்குப் பின்னால் இறங்கி உள்ளங்கால் வளைவைத் தூக்கிப் பிடிக்கிற ஒரு தசைநார் இருக்கிறது, அது இடது காலில் பழுதாகிக்கொண்டிருந்தது. அது தளர்ந்தால் வளைவு இறங்கும், குதி உள்ளே சரியும், குதியோடு முழங்காலுக்குக் கீழ் எலும்பும் உள்பக்கம் திரும்பும், முழங்கால் உள்ளே இழுபடும், தொடையும் சேர்ந்து திரும்பும். போதாததற்கு நோகிற காலில் பாரம் போடாமல் தத்தித் தத்தி நடக்க, நாரி அந்தச் சுமையை ஏற்கும். ஒரு பாதத்தில் 26 எலும்பு, 33 மூட்டு. அங்கே ஒன்று நகர்ந்தால் மேலே தெரியத்தான் செய்யும்.

ஆக, அந்த ஆட்கள் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் நான் மாட்டினேன், நீங்களும் மாட்டக்கூடும். பாதக் கோளாறு முழங்காலுக்கும் நாரிக்கும் வலியைக் கொண்டுபோகும் என்பது சரி. ஆனால் தட்டைப் பாதத்தோடு எந்த வலியும் இல்லாமல் வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர். நாரி வலி முதுகெலும்புகளுக்கு இடையில் இருக்கிற தட்டாலும் வரும், நரம்பாலும் வரும், அந்தப் பிள்ளை என்னைப் படுக்க வைத்துக் காலை உயர்த்திப் பார்த்து அதையெல்லாம் தள்ளிய பிறகுதான் பாதத்துக்கு வந்தார். நின்ற நிலையில் எடுத்த ஒரு வண்ணப் படத்தை வைத்து இதைச் சொல்லவே முடியாது. அதில் தசைநார் தெரியாது, நீங்கள் நடக்கிற விதமும் தெரியாது.

சோல் போடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. எனக்கும் ஒன்று தந்தார்கள், கடையில் வாங்குகிற சாதாரணமானதுதான், கயிறு கட்டுகிற சப்பாத்துக்குள் வைத்து. குதிக்கால் வலிக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வுகளிலேயே, அளவெடுத்துச் செய்த விலை கூடிய சோலுக்கும் கடைச் சோலுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லையாம். என்னைத் தேற்றியது பயிற்சிதான். சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை இழுப்பது, முதலில் இரண்டு காலாலும் பிறகு ஒரு காலாலும் குதியை உயர்த்துவது, மூன்று மாதம், தினமும். வகுப்பில் இடையிடையே கதிரையில் இருந்து படிப்பித்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு சதமும் கேட்கவில்லை. ஐந்து மாதம் முந்தி வந்திருந்தால் இன்னும் சுலபமாக மாறியிருக்கும் என்றார்கள். இதை நெடுங்காலம் விட்டால் பாதம் அப்படியே இறுகிவிடும், பிறகு பயிற்சியால் திருப்ப முடியாதாம். எனக்குக் காசை விட அந்த ஐந்து மாதம்தான் இன்னும் மனதில் நிற்கிறது.

யாராவது உங்கள் பாதத்தைப் பார்த்து மருத்துவம் பேசினால், இலங்கை மருத்துவ சபையின் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள், பிசியோதெரபி செய்கிறவர்களுக்கும் அந்தப் பதிவு உண்டு. நான் கேட்கவில்லை, கோட்டைப் பார்த்து நம்பினேன். முகவரியோடு பில் தராவிட்டால் காசைக் கொடுக்காதீர்கள். என் பில்லில் ஒரு முத்திரையும் வேலை செய்யாத எண்ணும் மட்டும்தான்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கப்போகிறேன், எழுத்திலும் கொடுக்கப்போகிறேன். இந்த மண்டபத்தில் சோலோ செருப்போ வாங்கியவர்கள், பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பொருளின் படத்தையும் வாங்கிய திகதியையும் எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். மண்டபம் ஞாயிறு வரை என்று நோட்டீஸில் இருக்கிறது, அதனால் இன்றைக்கே அனுப்பினால் நல்லது.